குழந்தைகளின் நடைக்கு ஏற்றபடி

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரைச் சிந்தனை)

வாசகங்கள்: 1 சாமுவேல் 1:21-28, தொடக்கநூல் 33:12-14, லூக்கா 2:41-52

ஆகஸ்டு மாதம் பிறந்துவிட்டால் நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஒரு பேச்சு தொடங்கிவிடும். "இந்த ஆண்டு வேளாங்கண்ணிக்கு எப்போது புறப்படுகிறோம்? கொடியேற்றத்துக்கா, தேருக்கா?" ஆகஸ்டு 29 அன்று கொடியேறி, செப்டம்பர் 8 அன்று அன்னையின் பிறப்புப் பெருவிழாவோடு நிறைவுபெறும் அந்த நாள்களே நம்மில் பலருக்கு ஆண்டின் ஒரே விடுமுறை. ஊர் சுற்றிப் பார்க்கவென்று தனியாகச் செலவழிக்க இயலாத வீடுகளில் திருப்பயணமும் விடுமுறையும் ஒன்றுதான்.

அண்மையில் பொதட்டூர்பேட்டையில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். நெசவாளர் ஊர் அது. தெருவில் நடந்தால் இரு பக்கமும் விசைத்தறியின் ஓசை. அந்த வீட்டில் எட்டு மாதக் கைக்குழந்தை ஒன்று. இரண்டரை வயதுப் பையன் ஒருவன். சொந்தபந்தம் எல்லாரும் சேர்ந்து வேன் பேசியிருந்தார்கள். வேளாங்கண்ணியில் கைக்குழந்தைக்கு மொட்டை அடிப்பதாக நேர்ச்சை. பாட்டிக்கு ஒரே மகிழ்ச்சி. குழந்தைகளின் தாய் மட்டும் வாய் திறக்கவில்லை. நாம் கேட்ட பிறகு மெதுவாகச் சொன்னார்: "போன வருசம் பெரியவனைத் தூக்கிக்கினு போனோம் சாமி. மூணு நாளும் நான் தூங்கவேயில்ல. அவனுக்கு வயித்துப்போக்கு. கோயிலுக்குள்ள ஒரு அருள் நிறைந்த மரியே முழுசா சொல்லலை. இப்ப ரெண்டு பேரு. போக மாட்டேன்னு சொன்னா மாதாவுக்கு ஆகுமா?"

பாட்டி உடனே, "நேந்துக்கினது தள்ளிப் போடக் கூடாதும்மா, கொழந்தைக்கு ஆகாது" என்றார்.

அன்பர்களே, அந்தத் திண்ணையில் எழுந்த கேள்வி பல வீடுகளில் வாய்விட்டுக் கேட்கப்படாமலே கிடக்கிறது. பால்குடி மறவாத குழந்தையையும், ஓடத் தொடங்கிய குழந்தையையும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் விடுமுறையை எப்படிக் கழிப்பது? ஊருக்குப் போவதா, போகாமல் இருப்பதா? போனால் எப்படிப் போவது? இது தாய்மார்கள் மட்டும் யோசிக்க வேண்டிய சிறிய காரியம் என்று நினைக்க வேண்டாம். விவிலியமே இதைப் பேசுகிறது.

வீட்டிலேயே தங்கிய அன்னா

சாமுவேலின் தாய் அன்னாவை நாம் அறிவோம். பிள்ளையில்லாமல் கண்ணீர் விட்டு, சீலோவில் ஆண்டவர் முன் பொருத்தனை செய்து, சாமுவேலைப் பெற்றவர். பிள்ளை பிறந்ததும் என்ன நடந்தது என்பதை மட்டும் நாம் வேகமாகப் படித்துக் கடந்துவிடுகிறோம். ஆண்டுப் பலி செலுத்தவும் நேர்ச்சையை நிறைவேற்றவும் அவர் கணவர் எல்கானா குடும்பத்தோடு சீலோவுக்குப் புறப்படுகிறார். அன்னா போகவில்லை. பிள்ளை பால்குடி மறக்கட்டும், அதன்பின் கொண்டு வருகிறேன் என்று கணவரிடம் சொல்கிறார். எல்கானா கோபிக்கவில்லை. ஊர் என்ன சொல்லும் என்று கேட்கவில்லை. உனக்கு நல்லது எனப்படுவதைச் செய், பால்குடி மறக்கும்வரை இரு என்று சொல்லிவிட்டுத் தான் போய் வருகிறார்.

அக்காலத்தில் பால்குடி மறக்கச் செய்வது சில மாதங்களில் முடிகிற காரியம் அன்று. மக்கபேயர் இரண்டாம் நூலில் ஏழு சகோதரர்களின் தாய் தம் கடைசி மகனிடம், மூன்று ஆண்டுகள் உனக்குப் பாலூட்டினேன் என்று நினைவூட்டுவதைப் பார்க்கிறோம் (7:27). அப்படியானால் அன்னாவும் ஒரு முறை அல்ல, சில ஆண்டுகளாவது சீலோவுக்குப் போகாமல் வீட்டில் இருந்திருக்கலாம். பொருத்தனையை அவர் மறந்தாரா? இல்லை. உரிய நேரம் வந்ததும் பிள்ளையை அழைத்துப் போய் ஆண்டவருக்கே கொடுத்துவிட்டார். தள்ளிப்போனதற்காகக் கடவுள் அவரைக் கடிந்துகொண்டதாக விவிலியத்தில் ஒரு சொல்லும் இல்லை. வீட்டில் இருந்து பாலூட்டிய அந்த ஆண்டுகளும் வழிபாடாகவே எண்ணப்பட்டன.

எனவே நேர்ச்சை செய்துள்ள தாய்மார்களே, பாட்டிமார்களே, பயப்பட வேண்டாம். குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கும்போது, வயிற்றுப்போக்கு இருக்கும்போது, "நேர்ந்துகொண்டோமே" என்று தூக்கிக்கொண்டு ஓடும்படி அன்னை மரியா கேட்பதில்லை. நேர்ச்சை என்பது அன்பின் வாக்கு. கடன்காரனின் தவணை அன்று.

மெதுவாக நடந்த யாக்கோபு

சரி, போகத்தான் போகிறோம். எப்படிப் போவது? தொடக்கநூல் 33ஆம் அதிகாரத்துக்கு வருவோம். இருபது ஆண்டுகள் பிரிந்திருந்த யாக்கோபும் ஏசாவும் சந்தித்துக் கட்டித் தழுவி அழுகிறார்கள். ஏசாவுடன் நானூறு ஆள்கள். வா, சேர்ந்தே போவோம் என்று அண்ணன் அழைக்கிறார். யாக்கோபு என்ன பதில் சொல்கிறார்? பிள்ளைகள் மெல்லியவர்கள், பால் கொடுக்கும் ஆடுமாடுகளும் என்னிடம் உண்டு, ஒரே நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை முழுவதும் மடிந்துபோகும், நீங்கள் முன்னே போங்கள், நான் பிள்ளைகளின் நடைக்கும் மந்தையின் நடைக்கும் ஏற்றபடி மெதுவாக வருகிறேன் என்கிறார்.

அண்ணன்மேல் யாக்கோபுக்கு இன்னும் கொஞ்சம் அச்சம் இருந்தது, அதனால்தான் நழுவினார் என்பாரும் உண்டு. அதுவும் இருக்கலாம். ஆனால் அவர் சொன்ன காரணம் பொய்க் காரணம் அன்று. ஆடு மேய்த்த அனுபவம் பேசுகிறது. நானூறு வீரர்களின் வேகத்தில் ஒரு பிள்ளையை நடத்த முடியாது. யார் வேகத்தில் யார் நடப்பது என்ற கேள்வி எழும்போது, வலியவர் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

நம் வேன் பயணங்களில் பெரும்பாலும் ஏசாவின் வேகம்தான். பொதட்டூர்பேட்டையிலிருந்து வேளாங்கண்ணி 300 கிலோமீட்டருக்கு மேல். "எங்கேயும் நிற்காமல் போனால் விடிவதற்குள் போய்விடலாம்" என்று ஓட்டுநர் அருகில் அமர்ந்தவர் கணக்குப் போடுகிறார். பின்னால் ஒரு தாய், அழும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, வண்டியை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்கிறார்.

நெசவாளர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தறி ஓடிக்கொண்டிருக்கும்போது ஓர் இழை அறுந்தால் என்ன செய்வீர்கள்? தறியை நிறுத்தி, அறுந்த இழையைத் தேடி, முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் மறுபடி ஓட்டுவீர்கள். நிறுத்திய நேரம் வீணான நேரம் என்று யாராவது சொல்வார்களா? நிறுத்தாமல் ஓட்டினால்தான் துணி வீணாகும். குழந்தைக்காக வண்டியை நிறுத்துவதும் அப்படித்தான். நின்ற நேரமும் பயணத்தில் சேர்ந்ததே.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குப் போகும் நம் இந்து சகோதர சகோதரிகளோடு சின்னஞ்சிறு பிள்ளைகளும் படியேறுவதைப் பார்த்திருக்கிறோம். 365 படிகள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு மலை உச்சி எது என்று தெரியாது. அது ஒவ்வொரு படியிலும் நிற்கும். எறும்பைப் பார்க்கும். உதிர்ந்து கிடக்கும் பூவை எடுக்கும். நமக்கு உச்சியில் கிடைப்பது அதற்கு ஒவ்வொரு படியிலும் கிடைத்துவிடுகிறது. அதன் கையைப் பிடித்து இழுப்பதற்கு முன் ஒரு நொடி நாமும் குனிந்து அந்த எறும்பைப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

வேளாங்கண்ணியின் முதல் நிகழ்ச்சி

இதைச் சொல்லும்போது வேளாங்கண்ணியின் தொடக்கமே நம் நினைவுக்கு வருகிறது. 16ஆம் நூற்றாண்டில் நடந்ததாக வழிவழியாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி அது. நாகப்பட்டினத்தில் இருந்த தன் எசமானருக்குப் பால் கொண்டுபோன சிறுவன் ஒருவன், வழியில் குளக்கரையில் ஆலமர நிழலில் இளைப்பாறினான். கையில் குழந்தையோடு ஓர் அம்மையார் தோன்றி, என் மகனுக்குக் கொஞ்சம் பால் கொடு என்று கேட்டார். அவன் கொடுத்தான். தாமதமாகப் போய்ச் சேர்ந்து, பால் குறைந்ததற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பானையைத் திறந்தபோது பால் நிரம்பி வழிந்தது. அந்த இடத்தைத்தான் மாதா குளம் என்கிறோம்.

அன்பர்களே, வேளாங்கண்ணி மாதா முதன்முதலில் என்ன கேட்டார் என்று கவனித்தீர்களா? மெழுகுதிரி கேட்கவில்லை. முடி காணிக்கை கேட்கவில்லை. பயணத்தின் நடுவே தம் குழந்தைக்குப் பால் கேட்டார். கைக்குழந்தையோடு வெளியே வந்த ஒரு தாயின் வேண்டுகோள் அது. அதற்காக நின்ற சிறுவனுக்குத் தாமதம்தான் ஆனது; இழப்பு ஒன்றும் ஆகவில்லை. இத்தகைய மாதாவைப் பார்க்கப் போகிற வழியில், பாலுக்கு அழும் குழந்தைக்காக வண்டியை நிறுத்த நாம் ஏன் தயங்க வேண்டும்?

கோவிலுக்குள் குழந்தை அழுதால் தாய்க்கு வெட்கம். சுற்றி நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். 2014 ஜனவரி 12 அன்று, ஆண்டவரின் திருமுழுக்கு விழாவில், வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்த திருத்தந்தை பிரான்சிஸ், பசித்து அழும் குழந்தைகளுக்குத் தயங்காமல் பால் கொடுங்கள் என்று அங்கிருந்த தாய்மார்களிடம் சொன்னார். அந்தச் சிற்றாலயத்திலேயே கூச்சம் வேண்டாம் என்றால், நம் ஊர்க் கோவிலில் எதற்கு?

வழிக்குத் தேவையானவை

இனி நடைமுறையில் சிலவற்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம்பிக்கை உள்ளவர்கள் முன்யோசனையும் உள்ளவர்களாக இருக்க வேண்டும்.

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். வெயில் காலத்திலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. தாகத்துக்கும் பசிக்கும் தாய்ப்பாலே மருந்து. அதற்கு ஈடாகத் தாய் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். பயணத்தில் முதலில் மறக்கப்படுவது தாயின் தண்ணீர்தான். ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு வீட்டில் பழகிய உணவையே கொடுங்கள். புதிய உணவைப் பழக்கும் இடம் திருவிழாக் கடைத்தெரு அன்று.

வயிற்றுப்போக்கு கண்டால் ஓ.ஆர்.எஸ். எனப்படும் உப்பு சர்க்கரைக் கரைசல் உயிர் காக்கும். பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீரில் கலக்கச் சொல்லியிருக்கிறதோ அவ்வளவிலேயே கலக்க வேண்டும். 1 லிட்டர் பொட்டலத்தை அரைத் தம்ளரில் கரைப்பது ஆபத்து. காய்ச்சி ஆறிய நீரில் கலந்து, 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிட வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குழந்தை சோர்ந்து கிடந்தால், கண் குழி விழுந்தால், பல மணி நேரம் சிறுநீர் போகாதிருந்தால் செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே மருத்துவமனைக்கு விரையுங்கள். 108 எண் எல்லாருக்கும் நினைவில் இருக்கட்டும்.

தூக்கமும் உணவைப் போன்றதே. ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில், பகல் தூக்கத்தையும் சேர்த்து, 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை என்று உலக நலவாழ்வு நிறுவனம் சொல்கிறது. நள்ளிரவில் எழுப்பி, வெயிலில் வரிசையில் நிறுத்தி, கடற்கரையில் ஓடவிட்டு, மாலையில் "ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறான்?" என்று அடித்தால் தவறு பிள்ளையினுடையதா, நம்முடையதா? ஒரு நாளைக்கு ஒரு காரியம் போதும். காலையில் திருப்பலி, மாலையில் கடற்கரை, நடுவில் தூக்கம்.

அரசுப் பேருந்தில் 5 வயதுவரை கட்டணம் இல்லை. தொடர்வண்டியிலும் 5 வயது நிறையாத குழந்தைக்குத் தனி இடம் கேட்காதவரை கட்டணம் இல்லை. நல்ல சலுகைதான். ஆனால் பயணச்சீட்டு இல்லாத பிள்ளைக்கு இருக்கை எது? தாயின் மடி. எட்டு மணி நேரமும் அதே மடி. ஆகவே புறப்படும்போதே பேசி முடிவு செய்யுங்கள்: இந்த ஊர்வரை அப்பா மடி, அடுத்த ஊர்வரை சித்தி மடி, அதன்பின் தாத்தா மடி. 2015 ஆகஸ்டு முதல் தமிழ்நாட்டின் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டுள்ளன. அவற்றைக் கேட்டுத் தெரிந்து பயன்படுத்துங்கள்.

யாரிடம் இருக்கிறான் பிள்ளை?

இன்னொரு வாசகத்தையும் நாம் மறக்கலாகாது. பாஸ்கா விழா முடிந்து எருசலேமிலிருந்து திரும்பும் வழியில் பன்னிரண்டு வயது இயேசுவைக் காணவில்லை. எப்படி நடந்தது? மரியாவும் யோசேப்பும் கவனக்குறைவானவர்களா? இல்லை. பயணியர் கூட்டத்தில் உறவினர்களோடு இருப்பான் என்று எண்ணிக்கொண்டு ஒரு நாள் முழுவதும் நடந்துவிட்டார்கள்.

எல்லாரும் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் யாரும் பார்த்துக்கொள்ளவில்லை என்று பொருள். வேளாங்கண்ணிக் கூட்டத்தில் இரண்டு வயதுப் பிள்ளை கண்ணிலிருந்து மறைய ஒரு நிமிடம் போதும். ஆகவே வாய்விட்டுச் சொல்லிக் கைமாற்றுங்கள்: "இப்போது தம்பி உங்ககிட்ட இருக்கான்." "சரி, எங்கிட்ட இருக்கான்." பிள்ளையின் சட்டைப்பையில் வீட்டுத் தொலைபேசி எண் எழுதிய அட்டை ஒன்று இருக்கட்டும். கடலருகே கையை விடவே வேண்டாம். காணவில்லை என்றால் வெட்கப்பட்டுத் தாமதிக்காமல் காவலரிடமும் திருத்தலத் தொண்டர்களிடமும் சொல்லுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. திருக்குடும்பத்துக்கே நேர்ந்தது என்பதை நினைத்து, பிள்ளையைத் தவறவிட்ட தாயை யாரும் திட்டாதிருப்போம்.

விடுமுறை யாருக்கு?

கடைசியாக, மிக முக்கியமானதைச் சொல்லிவிடுகிறோம். ஓய்வுநாள் கட்டளையை இணைச்சட்ட நூலில் படித்துப் பாருங்கள் (5:14). மகன், மகள், வேலைக்காரர், வேலைக்காரி, மாடு, கழுதை, ஊரில் தங்கிய அந்நியர் என்று எல்லாரும் ஓய்வெடுக்க வேண்டும் என்று நீண்ட பட்டியல் இருக்கிறது. மனைவி என்ற சொல் அதில் இல்லை. ஏன்? "நீ" என்று கடவுள் அழைக்கும்போதே கணவனும் மனைவியும் அதற்குள் அடங்கிவிடுகிறார்கள் என்று விளக்கம் சொல்வார்கள். நம் வீடுகளிலோ மாட்டுக்குக் கிடைக்கிற ஓய்வும் கைக்குழந்தைக்காரிக்குக் கிடைப்பதில்லை. தறி நின்றால் தறிக்காரருக்கு விடுமுறை. அவர் மனைவிக்கு? ஊர் மாறுகிறது, வேலை மாறுவதில்லை. அடுப்பு இல்லாத இடத்தில் கஞ்சி காய்ச்ச வேண்டும். குழாய் இல்லாத இடத்தில் துணி அலச வேண்டும்.

சீடர்களுக்கு உண்ணவும் நேரம் இல்லாததைக் கண்டபோது, தனிமையான இடத்துக்கு வந்து சற்று ஓய்வெடுங்கள் என்றார் இயேசு (மாற்கு 6:31). உண்ணவும் நேரமில்லாத ஒருவர் நம் வீட்டிலேயே இருக்கிறார். அவரிடம் அந்தச் சொல்லை இயேசுவின் சார்பில் யார் சொல்வது? கணவர் சொல்ல வேண்டும். சொல்வதோடு நில்லாமல் குழந்தையைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். புனித யோசேப்பு இரவில் எழுந்து குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் புறப்பட்டார் என்கிறார் மத்தேயு. இரவில் எழுந்த தந்தை அவர். நம் தந்தையரும் இரவில் ஒருமுறை எழலாமே!

முதியோருக்கும் இதில் பங்கு உண்டு. கோவிலில் குழந்தை இயேசுவைச் சிமியோன் தம் கைகளில் ஏந்திக் கடவுளைப் போற்றினார். அந்தச் சிறிது நேரம் அன்னை மரியாவின் கைகளுக்கு ஓய்வு கிடைத்திருக்கும் அல்லவா? திருப்பலியில் பக்கத்து இருக்கைக் குழந்தையைக் கால் மணி நேரம் வாங்கி வைத்துக்கொள்ளும் பாட்டியும் சிமியோனின் பணியையே செய்கிறார்.

2015 ஆகஸ்டு 12 அன்று தம் புதன் மறைக்கல்வி உரையில் திருத்தந்தை பிரான்சிஸ் குடும்பத்தின் கொண்டாட்ட நாள்களைப் பற்றிப் பேசினார். கொண்டாட்டம் சோம்பல் அன்று; வளர்ந்துவரும் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் நின்று பார்த்து, எவ்வளவு நன்று என்று வியக்கும் நேரம் அது என்ற கருத்தை அவர் எடுத்துரைத்தார். படைப்பை முடித்த கடவுளும் அப்படித்தான் பார்த்தார். அப்படிப் பார்ப்பதற்கு வேனும் வேண்டாம், செலவும் வேண்டாம். ஞாயிறு பிற்பகலில் தறியை நிறுத்திவிட்டுத் திண்ணையில் பாய் விரித்தாலும் போதும்.

அந்தப் பொதட்டூர்பேட்டை வீட்டில் என்ன முடிவு எடுத்தார்கள் தெரியுமா? அன்னாவின் கதையை அன்று திண்ணையில் படித்துக் காட்டினோம். பாட்டி நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு மருமகளைப் பார்த்து, "நீ இரும்மா. நான் போயி மாதாகிட்ட சொல்லிட்டு வரேன், கொழந்தை நடக்கட்டும், அப்பாலிக்கா வரோம்னு" என்றார். மகனும் போகவில்லை. "நானும் இருக்கேம்மா, பெரியவனை நான் பாத்துக்கறேன்" என்றார். அந்த மூன்று நாளில் அந்தத் தாய் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று நாம் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு திருப்பலியில் அவர் முகத்தைப் பார்த்தோம். அது போதும்.

அந்தக் குழந்தை நடக்கட்டும். ஒருநாள் மாதா குளத்து மண்ணில் தன் சொந்தக் காலால் தத்தித் தத்தி வரும். அன்று அதன் பின்னால் குடும்பம் முழுவதும் மெதுவாக நடக்கட்டும்.

மன்றாடுவோம்: குழந்தைக்காகப் பால் கேட்ட ஆரோக்கிய அன்னையே, கைக்குழந்தையோடு பயணம் செய்யும் தாய்மார்களை உம் நிழலில் இளைப்பாறச் செய்யும். இரவில் எழுந்த புனித யோசேப்பே, எங்கள் தந்தையருக்கு உம் கைகளைத் தாரும். சிறு பிள்ளைகளைத் தம்மிடம் வரவிட்ட இயேசுவே, அவர்களுடைய நடைக்கு ஏற்றபடி நடக்க எங்களுக்குப் பொறுமை தாரும். ஆமென்.